பூங்காவின் மத்தியானக் காற்று

பாண்டிச்சேரிக்கு நாங்கள் போனது காற்று வாங்க. கோயிலுக்கு அல்ல, கல்யாணத்துக்கு அல்ல, ஊர் பார்க்கவும் அல்ல. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி வைத்தேன். காற்று வாங்கக் கடல் கடந்து போகிறோம் என்றால் சிரித்திருப்பார்கள்.

என் கணவர் சூசைக்கு நெஞ்சு பலவீனம். சிறு வயதிலிருந்தே ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டி, அந்தப் புகையிலேயே காய வைக்கும் கூடம் அது. ரப்பர் காய்ந்தது. கூடவே அவர் நெஞ்சும் காய்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மாடிப்படி ஏறுவதற்கே அவருக்கு நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. கிள்ளான் டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் வேறு ஊரில் இருந்து பாருங்கள்" என்றார்.

வேறு ஊர் என்று எங்களுக்கு இருந்தது ஒன்றுதான். சூசையின் அக்கா தெரேஸ், பாண்டிச்சேரியில் உப்பளம் என்ற பகுதியில் இருந்தார். அம்மா இறந்ததும் அப்பா மகனை மட்டும் அழைத்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மகள் தாய்மாமன் வீட்டில் தங்கிவிட்டாள். அதன் பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஊருக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். தெரேஸின் புருஷன் லூயி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சொல்லி அனுப்பியிருந்தாராம்: "மச்சானை இங்க அனுப்புங்க. எங்க ஊர் கடல் காத்துல ஓசோன் இருக்கு. ஒரு மாசத்துல ஆளை நிமிர்த்திக் காட்டறேன்."

மெட்ராஸிலிருந்து நாங்கள் ஏறிய பஸ் திண்டிவனத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். ஆவி பொங்கியது. மே மாதம், கத்திரி வெயில். புளியமரத்து நிழலில் எல்லோரும் நின்றோம். கிள்ளானிலும் வெயில் உண்டு. ஆனால் மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு ஒரு மழை பெய்துவிட்டுப் போகும். இங்கே வானத்தில் மேகமே இல்லை. வெளுத்துப்போய்க் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மழை எப்போது வரும் என்று கேட்டேன். "மழையா? ஐப்பசில வாம்மா" என்றாள்.

பஸ் நிலையத்தில் லூயி அண்ணன் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், முதுகு வளையவில்லை. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட கால்சட்டை, வெயிலுக்கு அகலத் தொப்பி. என்னிடம் "போன்ழூர், வாம்மா" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு வரவேற்றார். சூசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பட்டாளத்தில் ஆள் எடுக்கிறவர் மாதிரி. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் தெரேஸ் அண்ணி நின்றிருந்தார். தம்பியைப் பார்த்ததும் அழவில்லை. அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா மூஞ்சி அப்படியே இருக்குடா" என்றார். "ஏன்டா இப்படி இளைச்சிருக்க? உள்ள வா. குந்து. முதல்ல சாப்பிடு."

அன்றைய சாப்பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. வடகம் தாளித்த மீன் குழம்பு; அதோடு சாப்பிடச் சோறும் இருந்தது, நீளமான பிரெஞ்சு ரொட்டியும் இருந்தது. லூயி அண்ணன் ரொட்டியைக் கையால் பிய்த்துக் குழம்பில் முக்கினார். எங்கள் ஊரில் ரொட்டியைக் கோப்பியில்தான் முக்குவோம் என்றேன். "ரெண்டும் செய்யலாம்மா, யாரு கேக்கப்போறாங்க" என்று சிரித்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஆனால் சமைத்திருந்த அளவைப் பார்த்தால் ஒரு டஜன் பேர் சாப்பிடலாம்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தன் கதையைச் சொன்னார். இந்தோசீனாவில் சண்டையின்போது நெஞ்சில் சளி கட்டிச் சாகக் கிடந்தாராம். பிரான்ஸின் தெற்கில் ஒரு கடற்கரை மருத்துவமனைக்கு அனுப்பினார்களாம். அங்கே சிப்பாய்களை வரிசையாக நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார வைப்பார்களாம். ஊசி கொஞ்சம், காற்றுதான் அதிகம்.

"மேஜர் டாக்டர் ஒருத்தரு. தினம் வந்து சொல்லுவாரு, கடல் காத்துல ஓசோன் இருக்குது, அதை உள்ள இழு, அதான் மருந்துன்னு. வெயில் ஏற ஏற ஓசோன் ஏறும். பிணமாப் போனவன், ரெண்டு மாசத்துல எழுந்து கால்பந்து ஆடினேன். இவனும் ஆடுவான்."

சூசை சிரித்துக்கொண்டே இருமினார். அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையில் இருந்த பிரியத்தை நான் பார்த்தேன். முன்பின் பார்த்திராத மச்சானை மகனைப்போல் தட்டிக்கொடுத்தார்.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. உப்பளத்தை ஒட்டி, பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னப் பூங்கா. பெயர் வேண்டாம்; அந்த இடமே இப்போது வேறாகிவிட்டது. வேப்பமரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள், சறுக்கு மரம், வறண்ட புல். கடல் கூப்பிடு தூரம். லூயி அண்ணன் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எங்களைக் கிளப்பினார். டிபன் கேரியர், தண்ணீர்க் கூஜா, விசிறி எல்லாம் கையில். மாலைவரை அங்கேதான்.

"ரெஸ்பிரே!" என்று உத்தரவு போட்டார். மூச்சு இழு என்று அர்த்தம். "அடிவயித்துலேருந்து இழு. நிறுத்து. விடு. ஒரு சுத்து நட. மறுபடி இழு."

சூசை நடந்தார், இழுத்தார், விட்டார். அண்ணனும் கூடவே நடந்தார், கூடவே இழுத்தார்.

அந்த வாரம் ஊருக்குள் ஏதோ பெரிய சாக்கடை வேலை. சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ், லாரி, டெம்போ எல்லாவற்றையும் பூங்காவைச் சுற்றித் திருப்பிவிட்டிருந்தார்கள். அரியாங்குப்பத்துப் பக்கமிருந்து வேலைக்கு வருகிற சைக்கிள்களும் அதில்தான். வண்டிகள் நகர முடியாமல் என்ஜினை உறுமிக்கொண்டே நின்றன. மேற்கே ஆலைப் புகைபோக்கிகள். வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பிவிடும் என்று அண்ணி சொன்னார். அந்த வாரம் அது திரும்பவே இல்லை. நிலத்திலிருந்து வந்த அனல் ஊர்ப்புகையை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் கொட்டிவிட்டு அங்கேயே நின்றது.

புகையைப் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. தூரத்தில் லேசான மூட்டம், அவ்வளவுதான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டை முடித்த வேளையில் எனக்கு மூக்கில் ஒரு நெடி ஏறியது. பழக்கமான நெடி. கிள்ளானில் நான் லாரிப் பட்டறையில் கணக்கெழுதுகிறேன். பின்கட்டில் வெல்டிங் அடிக்கும்போது இதே கூரான நெடிதான் வரும்.

"அண்ணா, எங்க பட்டறையில வெல்டிங் பத்த வைக்கறப்ப வர்ற வாடை மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதாம்மா! அதான் ஓசோன்! உன் மூக்கு நல்ல மூக்கு. நான் பிரான்சுல முகர்ந்தது இதான்." சூசையின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? உன் பொஞ்சாதியே சொல்லிட்டா. இழு, இழு."

எனக்குப் பெருமையாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். மருந்தின் வாசனையைக் கண்டுபிடித்தவள் நான் அல்லவா.

அன்று மாலை திரும்பும்போது சூசைக்கு இருமல் நிற்கவில்லை. "சளி இளகுது. நல்லதுதான்" என்றார் அண்ணன்.

அடுத்த நாள் பூங்காவில் கூட்டம். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள். ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தது. அவர்களுடைய பெண் குழந்தை சறுக்கு மரத்தில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள்.

"அம்மா, மூச்சு வுட்டா வலிக்குது."

"ஓடாதேன்னு சொன்னேன்ல. கண்ணைக் கசக்காத."

குழந்தையின் கண்கள் சிவந்திருந்தன. தாயின் கண்களும்தான். என் கண்களும் காலையிலிருந்து எரிந்துகொண்டே இருந்தன. நான் அதைத் தூசி என்று நினைத்திருந்தேன்.

எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து புருஷனிடம் ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று லூயி அண்ணனைக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "தொண்டையில மிளகாய் வச்ச மாதிரி இருக்குதாம். இந்தத் தோட்டத்துல இனி ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்கறா. அவங்களுக்கு நம்ம வெயில் ஒத்துக்காதும்மா."

அவர்கள் போய்விட்டார்கள். ஈரோட்டுக் குடும்பமும் சோற்றை மூடிக்கொண்டு கிளம்பியது. பூங்காவில் நாங்கள் மூன்று பேர் மட்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். சூசை இரண்டாவது சுற்றில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது எனக்கு இங்கே கேட்டது.

மறுநாள் காலையில் வீட்டின் பின்பக்கம் போனபோது லூயி அண்ணன் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். முதுகு ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சுருட்டும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். "அவகிட்ட சொல்லாத. பிடுங்கிப் போட்டுடுவா."

நான் சும்மா இருக்கவில்லை. சமையலறைக்குப் போய் அண்ணியிடம், அந்தப் பூங்காவில் இவருக்குக் குறையவில்லை, கூடுகிறது என்றேன். அண்ணன்கூட இருமுகிறார் என்றும் சொன்னேன். அண்ணி மீனை அலசிக்கொண்டே கேட்டார். தலை நிமிரவில்லை.

"அவரு செத்துப் பொழைச்சவரும்மா. அந்தக் காத்துதான் பொழைக்க வச்சிச்சுன்னு நம்பறாரு. நீ இல்லைன்னு சொன்னா ஒத்துக்குவாரா?" பிறகு கையைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு வேற எங்கியாவது போவலாம்னு நான் சொல்றேன். அது முடியும்" என்றார்.

அப்படித்தான் நோணாங்குப்பம் போனோம். ஒரு டெம்போவில் நசுங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினோம். கழிமுகத்தில் ஒரு மீனவர் தன் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் வற்றியிருந்தது. மீனவர் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினார். லூயி அண்ணனும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கிழவனுக்கு வீரத்தைப் பாரு!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த இடத்தில் ஊர்ப்புகை இல்லை. மணல்மேட்டுக்கு அப்பால் கடலிலிருந்து நேராகக் காற்று வந்தது, உப்பும் ஈரமுமாக. சூசை மணலில் மல்லாந்து படுத்தார். நான் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. வறுத்த மீனை அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவும் தம்பியும் தண்ணீர் ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு, தங்கள் அம்மாவின் முகம் யாருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு மூக்குத்தி மட்டும் ஞாபகம். சூசைக்கு அதுவும் இல்லை. "நீ சொல்லு, நான் வச்சிக்கறேன்" என்றார்.

அந்தப் பயணத்தில் நல்ல நாள் என்றால் அது ஒன்றுதான்.

திரும்பும்போது லூயி அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தியா? ரெண்டு நாள் ஓசோன் இன்னிக்கு வேலை செய்யுது. நாளைக்கு விடக்கூடாது."

மறுநாள் டிபன் கேரியர் தயாராகிவிட்டது. நான் வாசல்படியில் நின்றுகொண்டேன்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இவர் இன்னிக்கு வரமாட்டார். நேத்து நல்லா இருந்தது கடலால. பூங்காவுக்குப் போனாத்தான் இவருக்கு மூச்சு முட்டுது. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"நீ டாக்டரா?"

"இல்லண்ணா. அவர் நெஞ்சில காது வச்சுக் கேக்கிறவ."

சூசை என் பின்னால் வந்து நின்றார். "ரெஜினா, விடு. மாமா இவ்வளவு பாடுபடறார். ஒரு மணி நேரம் போய் உக்காந்துட்டு வரேன்."

"நீங்க போகக்கூடாது" என்றேன். என் குரல் அந்த வீட்டில் அதுவரை அவ்வளவு உயர்ந்ததில்லை.

லூயி அண்ணன் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று. சொந்த உயிரைக் காப்பாற்றிய மருந்தை ஒரு பெண் வாசலில் நின்று விஷம் என்று சொல்கிறாள். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"சரிம்மா. அவன் வீட்டுல இருக்கட்டும். நான் போறேன். சாயந்திரம் நான் எப்படி வரேன்னு பாரு. அப்பறம் பேசலாம்."

"நீங்களும் வேணாம்ணா" என்றேன்.

"எனக்கு உத்தரவு போட மேஜர்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முதுகு நேராகத்தான் இருந்தது.

அண்ணி அப்போது கடைத்தெருவில் இருந்தார். வந்ததும் விஷயத்தைக் கேட்டார். "போவட்டும். பசிச்சா வருவாரு" என்றார். பசி நேரம் தாண்டியது. அவர் வரவில்லை. கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். வெயில் இன்னும் வெள்ளையாகவே நின்றது. அண்ணி இரண்டு முறை வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். மூன்றாவது முறை செருப்பை மாட்டிக்கொண்டார். சூசையை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நானும் அவரோடு போனேன். சூசை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பூங்காவில் ஆள் இல்லை. கம்பிவேலிக்கு வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. நெடி முதல் நாளைவிடக் கூர்மையாக இருந்தது. நடைபாதையின் வளைவில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், தொப்பி கிடந்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி அவர் கிடந்தார். சட்டையின் மேல் பட்டன்கள் திறந்திருந்தன. திறந்தவர் அவர்தான், ஒரு பட்டன் இன்னும் விரல்களுக்கு நடுவே இருந்தது.

அண்ணி ஓடவில்லை. நடந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தார். "இன்னா இது. எழுந்திருங்க. வூட்டுக்குப் போவலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். மூச்சு இருந்தது. கரகரவென்று, ரொம்ப மேலோட்டமாக. உதடு நீலம்.

சூசையும் நானும் ஒரு ரிக்‌ஷாக்காரரும் சேர்ந்து தூக்கினோம். தோண்டிப்போட்ட சாலையில் ரிக்‌ஷா போகவில்லை. சுற்றிக்கொண்டு போனோம், வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். முன்னால் நின்ற பஸ் எங்கள் முகத்தில் புகையைக் கக்கியது. ரிக்‌ஷாக்காரர் இறங்கி நின்று, "நெஞ்சுவலிக்காரரு, வழி வுடுங்கய்யா!" என்று கத்தினார். யாருக்கும் வழிவிட இடம் இல்லை. அண்ணி தன் முந்தானையால் புருஷன் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். வழியில் எந்த இடத்தில் அவர் மூச்சு நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. இளம் வயது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அண்ணியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்த பிறகு, நடந்ததை எல்லாம் என்னிடம் கேட்டார். நான் வரிசையாகச் சொன்னேன். நெடி, கண் எரிச்சல், ஈரோட்டுக் குழந்தை, பிரான்ஸில் மேஜர் டாக்டர் சொன்ன ஓசோன்.

"ஓசோனா?" என்று நிமிர்ந்தார். "பழைய காலத்து டாக்டருங்க அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க. கடல் காத்துல ஓசோன் இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு. அது தப்பும்மா. வானத்துல ரொம்ப உசரத்துல இருக்கறவரைக்கும் அது நமக்குக் காவல். நம்ம மூக்குக்கிட்ட வந்துட்டா நெஞ்சை அரிக்கும். வண்டிப் புகை மேல கடுமையான வெயில் பட்டா அது உண்டாகும். கண்ணுக்கே தெரியாது. நான் படிக்கப் போன வெளியூர்ல அந்த மாதிரி நாள்ல ரேடியோவுல சொல்லுவாங்க. வயசானவங்க, குழந்தைங்க, ஆஸ்துமாக்காரங்க மத்தியானம் பூங்காவுக்குப் போகாதீங்கன்னு."

"அப்ப அதனாலதான் இவர்..."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "அவர் இருதயமும் பலவீனமா இருந்திருக்கும். பழைய சளி நோய் நெஞ்சுல வடு வச்சிருக்கும். அதுமேல அந்தக் காத்தை அடிவயித்துலேருந்து இழுத்து இழுத்து நடந்திருக்காரு. எனக்குத் தோணுது. ஆனா இந்த ஊர்ல காத்தை அளந்து பாக்கறவங்க யாருமில்ல. அளக்காததை நான் எப்படிம்மா எழுதறது?"

மாரடைப்பு என்று எழுதினார்.

அடக்கம் முடிந்தது. பழைய பட்டாளக்காரர்கள் மெடல்கள் குத்திக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவர் சூசையின் தோளைத் தொட்டு, "பூங்காவுல போய் கொஞ்சம் காத்தாட உக்காருப்பா. வூட்டுக்குள்ளயே அடைஞ்சிருக்காத" என்றார். சூசை தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்!

வீடு காலியானதும் அண்ணி என்னை அழைத்தார். "டாக்டரம்மா உன்கிட்ட இன்னாத்தையோ ரொம்ப நேரம் சொன்னாங்களே. சொல்லு."

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கண்கள் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் புருஷனை நீ வாசல்ல நின்னு தடுத்த" என்றார் பிறகு. "என் புருஷனைத் தடுக்க நான் வூட்டுல இல்ல. மீன் வாங்கப் போயிருந்தேன்."

"நான் சொன்னேன் அண்ணி. கேக்கல."

"நீ சொன்னா எப்படிக் கேப்பாரு? நான் சொல்லியிருந்தா கத்துவாரு. கத்திட்டு உக்காருவாரு." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "உன்மேல கோவமில்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு உன் முகத்தைப் பாக்க முடியாதும்மா. தப்பா எடுத்துக்காத."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மீதி நாட்களில் அவர் எனக்குச் சோறு போட்டார், என் துணியையும் சேர்த்துத் துவைத்தார், என் பக்கம் திரும்பாமல்.

சூசை அக்காவைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். "கல்லறையை யாரு பாப்பாங்க?" என்றார் அண்ணி. அப்படியானால் தான் இங்கேயே தங்கிவிடுவதாகச் சூசை சொன்னார். அதற்கு மட்டும் அண்ணியின் குரல் உயர்ந்தது. "இந்தக் காத்துலயா? உன்னையும் தூக்கிக் குடுக்கணுமா நான்?"

கிளம்பும் நாளில் அண்ணியும் பஸ் நிலையத்துக்கு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரின் எல்லா பஸ்களும் அங்கே உறுமிக்கொண்டு நின்றன. ஜன்னலோரத்தில் சூசை உட்கார்ந்ததும், அண்ணி ஒரு வெள்ளைத் துணியைக் குழாயில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்துத் தம்பியின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"ஊரைத் தாண்டற வரைக்கும் அவுக்காதடா" என்றார்.

பிறகு, எத்தனையோ நாட்களுக்குப் பின், என்னைப் பார்த்தார். "பாத்துக்கம்மா."

டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கரும்புகை குபுக்கென்று வந்து அவர் நின்ற இடத்தை மூடியது. அவர் விலகவில்லை, மூக்கைப் பொத்தவும் இல்லை. கையை ஆட்டிக்கொண்டே நின்றார். பஸ் திரும்பும் நேரத்தில் அவர் எதையோ உரக்கச் சொல்ல மூச்சை ஆழமாக இழுத்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது.